நம்பிக்கையைத் தாளில் எழுதிப் பார்ப்பது: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல்லின் தலையில் நாம் நிறையச் சுமையை ஏற்றி வைத்திருக்கிறோம். கடவுள் மேல் வைப்பதும் நம்பிக்கை, கடன் கொடுத்தவர் நம் மேல் வைப்பதும் நம்பிக்கை, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்குப் பெரியவர்கள் ஊட்டுவதும் நம்பிக்கை. இதனால் ஒருவரிடம் "நம்பிக்கையோடு இருங்கள்" என்று சொல்லும்போது, அவர் எதை நம்ப வேண்டும், நம்பிய பிறகு நாளைக் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்ற விவரம் எதுவும் அந்த வாக்கியத்தில் இருப்பதில்லை. கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போகிறார்; மறுநாள் எதுவும் மாறுவதில்லை.

உளவியலில் இந்தச் சொல்லுக்கு இதைவிடக் குறுகிய, ஆனால் இதைவிடப் பயனுள்ள ஒரு பொருள் உண்டு. அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் ரிச்சர்ட் ஸ்னைடர் (1944–2006), முதலில் மனிதர்கள் தங்கள் தவறுகளுக்குச் சாக்குச் சொல்லும் விதத்தை ஆராய்ந்தவர். பிறகு அதற்கு நேர்மாறான பக்கம் திரும்பி, 1991ஆம் ஆண்டில் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட கட்டுரையில் நம்பிக்கையை ஒரு சிந்தனை முறையாக வரையறுத்தார். அதில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, அடைய விரும்பும் இலக்கு. இரண்டாவது, அந்த இலக்குக்குச் செல்லும் வழிகளை என்னால் கண்டுபிடிக்க முடியும் என்ற எண்ணம். மூன்றாவது, அந்த வழியில் என்னால் புறப்படவும் தொடரவும் முடியும் என்ற எண்ணம்; இதை இக்கட்டுரையில் முனைப்பு என்று குறிப்பிடுகிறேன். "எப்படியும் நல்லதுதான் நடக்கும்" என்பது நன்னம்பிக்கை. அதில் நடத்திவைப்பவர் யார் என்ற கேள்வியே எழுவதில்லை. ஸ்னைடர் பேசும் நம்பிக்கையில் நடப்பவரும் நாமே, பாதையைத் தேடுபவரும் நாமே.

திருக்குறளைப் புரட்டியவர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதாகத் தோன்றாது. வள்ளுவர் வினைத்திட்பத்துக்கு ஓர் அதிகாரமும், வினைசெயல்வகைக்கு அதை அடுத்து வேறோர் அதிகாரமும் ஒதுக்கினார். முன்னது மன உறுதியைப் பற்றியது, பின்னது செய்யும் விதத்தைப் பற்றியது. மேடைகளில் நாம் முழங்குவதெல்லாம் முதல் அதிகாரத்துக் குறள்களை. இரண்டாவது அதிகாரம் பெரும்பாலும் தேர்வுக்குப் படித்ததோடு நின்றுவிடுகிறது. என் பார்வையில் நம்மவர்கள் நம்பிக்கை இழக்கும் இடமும் அங்கேதான் இருக்கிறது: ஒரு முயற்சி தோற்றதும் உறுதி போதவில்லை என்று நம்மை நாமே குற்றம் சாட்டிக்கொள்கிறோம், நாம் கையில் வைத்திருந்தது ஒரே ஒரு வழிதான் என்பதைக் கவனிப்பதில்லை.

மாதம் இருமுறை, ஞாயிறு மாலையில், சிங்கப்பூரில் ஒரு கோப்பிக்கடையின் பின்பக்க மேசையில் நாங்கள் நாலைந்து பேர் கூடுகிறோம். ஊரிலிருந்து வந்து ஓரிரு ஆண்டுகளே ஆன ஊழியர்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண்கள், பிள்ளை தொடக்கநிலை ஆறுக்கு வந்துவிட்டதே என்று கலங்கும் பெற்றோர் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நான் உளவியல் மருத்துவர் அல்ல. ஆய்வுகளைப் படித்து, அவற்றைத் தாளில் செய்துபார்க்கும் பயிற்சியாக மாற்றித் தருகிறேன். தேவையானவை ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, முக்கால் மணி நேரம். கைப்பேசியில் தட்டச்சு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடித்துத் திருத்திய தடம் தாளில்தான் நிற்கும், அந்தத் தடம் பிறகு தேவைப்படும்.

தொடங்குமுன்: எந்தக் கால் தளர்ந்திருக்கிறது?

ஸ்னைடரின் குழு உருவாக்கிய நம்பிக்கை அளவுகோலில் 12 வாக்கியங்கள் உண்டு. நான்கு வழியைப் பற்றியவை, நான்கு முனைப்பைப் பற்றியவை, மீதி நான்கு கவனத்தைத் திருப்புவதற்காகச் சேர்க்கப்பட்டவை. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பதில் சொல்பவர் எண்ணால் குறிக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணைக் கூட்டி மற்றவர்களோடு ஒப்பிடுவதில் தனிமனிதருக்குப் பெரிய பயன் இல்லை. இரண்டு பகுதிகளையும் தனித்தனியே பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது.

அளவுகோல் கையில் இல்லாவிட்டாலும் இரண்டு கேள்விகள் போதும். "இந்தச் சிக்கலிலிருந்து வெளியேற எனக்கு எத்தனை வழிகள் தோன்றுகின்றன?" என்பது ஒன்று. "அவற்றில் ஒன்றை நாளைக்கே தொடங்க எனக்குத் தெம்பு இருக்கிறதா?" என்பது மற்றொன்று. தெம்பு நிறைய இருந்தும் வழி தோன்றாதவர், கதவில்லாத சுவரில் முட்டுபவரைப் போல விரைவில் களைத்துப்போவார். வழிகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்தும் தெம்பில்லாதவர் மற்றவர்களுக்கு அருமையாக ஆலோசனை சொல்வார். தமக்கு எதுவும் செய்துகொள்ள மாட்டார். இருவருக்கும் மருந்து வேறு வேறு. வழி குறைந்தவருக்கு ஊக்க உரை கேட்கக் கொடுப்பது, பசித்தவருக்குக் குடை கொடுப்பது போன்றது.

இலக்கைச் சொல்லில் பிடிப்பது

துவாஸ் பகுதியில் ஒரு தங்குவிடுதியில் இருந்து வந்த இளைஞர் ஒருவர், கட்டுமானத் தளத்தில் குழாய் பதிக்கும் வேலை செய்பவர், முதல் நாள் தாளின் நடுவில் "நல்லா வரணும்" என்று மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார். "அவ்வளவுதான் அக்கா, வேற என்ன எழுதுறது?" என்று கேட்டார். அந்த ஆசையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அது நிறைவேறிய நாளை அவரால் அடையாளம் காண முடியாது. நல்லா வந்துவிட்டதாக எந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்குத் தெரியவரும்?

எட்வின் லாக், கேரி லேதம் ஆகிய இரு உளவியலாளர்களும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து நிறுவிய முடிவு இதுவே: "முடிந்தவரை நன்றாகச் செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவான, சற்றே கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள். 1975இல் வெளிவந்த ஓர் ஆய்வு அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகளைப் பற்றியது. சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு மட்டுமே ஏற்றிக்கொண்டிருந்த ஓட்டுநர்களுக்கு 94 விழுக்காடு என்ற இலக்கு தரப்பட்டது. சில மாதங்களில் சுமை 90 விழுக்காட்டை எட்டி அங்கேயே நிலைத்தது. கூடுதல் சம்பளம் எதுவும் தரப்படவில்லை. லாரியில் வேலைக்குப் போய்வரும் எங்கள் மேசைக்காரர்களுக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். ஒருவர் மட்டும், "சம்பளத்தைக் கூட்டாமலே கூடுதல் சுமையா? முதலாளிக்கு நல்ல ஆராய்ச்சிதான்!" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் இலக்கு யாருடையது என்ற கேள்வியை நாங்கள் தவறாமல் கேட்கிறோம்.

ஒரு தாய் தம் தாளில், மகளின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணை இலக்காக எழுதியிருந்தார். இப்போதைய முறையில் 4 என்பது மிகச் சிறந்த மொத்த மதிப்பெண், 32 கடைசி. அவர் எழுதியிருந்தது 8. அந்த எண் அவருடைய கையில் இல்லை, தேர்வு எழுதும் பிள்ளையின் கையில் இருக்கிறது. தாயின் தாளில் தாய் செய்யக்கூடியது மட்டுமே இருக்கலாம்: இரவு ஒன்பதரைக்கு வீட்டில் தொலைக்காட்சியை அணைப்பது, துணைப்பாட வகுப்புகளில் ஒன்றைக் குறைத்துத் தூக்கத்துக்கு இடம் தருவது போன்றவை. மதிப்பெண் இலக்கை எழுத வேண்டுமானால் அதற்கு மகள் தனியாக ஒரு தாள் எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். தனக்குப் பழக்கமில்லாத சிக்கலான வேலையை இப்போதுதான் கற்கத் தொடங்கியிருப்பவருக்கு, எண்ணால் அளக்கும் வெற்றி இலக்கு உதவுவதைவிட இடைஞ்சலாகவே அமையக்கூடும். கவனம் முழுவதும் எண்ணிலேயே போய்விடும். அத்தகையவர்கள் கற்றலையே இலக்காக வைத்துக்கொள்வது நல்லது. குழாய் வேலை செய்யும் அந்த இளைஞரும் நானும் அரை மணி நேரம் பேசி, கடைசியில் இந்த வாக்கியத்துக்கு வந்துசேர்ந்தோம்: "காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் சொல்வதை, பக்கத்தில் நிற்பவரிடம் கேட்காமல், நவம்பருக்குள் நானே புரிந்துகொள்வேன்." (டூல்பாக்ஸ் மீட்டிங் என்பது வேலை தொடங்குமுன் தளத்தில் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்.) இதற்கும் மேலே ஒரு பெரிய ஆசை இருந்தது, பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சியில் சேர்வது. அதைத் தாளின் மேல் மூலையில் சிறிதாக எழுதிவைத்தோம். அன்றாடம் கண்ணில் படவேண்டியது நடுவில் இருக்கும் வாக்கியம்தான்.

ஒரே வழியை வைத்துக்கொண்டு புறப்படாதீர்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் கொடுக்கிறேன். இலக்கை நடுவில் எழுதிக் கட்டம் போட்டபின், அதை நோக்கிக் குறைந்தது மூன்று கோடுகள் வரையச் சொல்கிறேன். முதல் கோடு எல்லோருக்கும் உடனே வரும். இரண்டாவது கோட்டுக்குச் சற்று யோசிப்பார்கள். மூன்றாவதுக்குப் பேனா நின்றுவிடும். அந்த நேரத்தில் யாரும் உதவிக்குப் போகக் கூடாது என்பது எங்கள் மேசையின் விதி. பேனா நின்ற அந்த இரண்டு மூன்று நிமிடங்களில்தான் வழிச் சிந்தனை என்ற தசை வேலை செய்கிறது.

ஸ்னைடரின் கோட்பாட்டில் நம்பிக்கை மிகுந்தவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் உள்ள வேறுபாடு, பாதை அடைபட்டதும் மாற்றுப் பாதை தோன்றுகிறதா என்பதில்தான் துலக்கமாகத் தெரிகிறது. எல்லாம் சீராக ஓடும்வரை இருவரும் ஒன்றுபோலவே தோன்றுவார்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஓட்டுநர் உரிமத் தேர்வில் பட்டுத் தெரிந்துகொண்டேன். எழுத்துத் தேர்வுகளை எளிதாகத் தாண்டிய நான், செய்முறைத் தேர்வில் மூன்று முறை தோற்றேன். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பி, இன்னும் உறுதி வேண்டும், இன்னும் தைரியம் வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பயிற்சி நேரத்தைக் கூட்டினேன், பணமும் கரைந்தது. தோற்றதோ மூன்று முறையும் ஒரே இடத்தில், காரைப் பக்கவாட்டில் நிறுத்தும்போது. நான்காம் முறைக்கு முன் வேறொரு பயிற்றுநரிடம் சென்றேன். அவர் என் உறுதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "பின்னால் போகும்போது எந்தக் கண்ணாடியைப் பார்க்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். தவறான கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறுதியைப் பெருக்கிய ஒன்பது மாதங்களில் தீராதது, பார்வையை மாற்றிய இரண்டு வாரத்தில் தீர்ந்தது.

மூன்றாவது கோடு வராதவர்களுக்குச் சில தூண்டுகோல்கள் உதவும். இதே இடத்தைத் தாண்டிய வேறொருவர் எப்படித் தாண்டினார் என்று கேட்டுவரலாம். இலக்கிலிருந்து பின்னோக்கி நடந்து, அதற்கு முந்தைய நாள் என் கையில் என்ன இருந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய வாரம் என்ன இருந்திருக்க வேண்டும் என்று இறங்கி வரலாம். பணம், நேரம், ஆள், இடம் ஆகிய நான்கில் எது என்னிடம் உள்ளது என்று பட்டியல் போடலாம். பலருக்குத் தங்களிடம் ஏற்கெனவே உள்ள வழியே கண்ணில் படுவதில்லை. வேலைக்குத் திரும்ப நினைத்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், பயிற்சிக் கட்டணத்தை நினைத்தே மூன்றாவது கோட்டை விட்டுவிட்டிருந்தார். 40 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் முதல் அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் திட்டத்தில் கூடுதலாக 4,000 வெள்ளி ஒதுக்கப்பட்டிருப்பதை, அந்தத் தொகையைத் தம் கணக்கில் வைத்துக்கொண்டே அவர் மறந்திருந்தார். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு அந்தத் தொகை கிடையாது. அவர்களுடைய கோடுகள் வேறு இடங்களிலிருந்து வரவேண்டும், சில நேரங்களில் கோடுகள் குறைவாகவே இருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது.

குழாய் வேலை இளைஞரின் தாளில் நான்கு கோடுகள் விழுந்தன: தொண்டூழியர்கள் நடத்தும் ஞாயிறு ஆங்கில வகுப்பு; தளத்தில் உள்ள எச்சரிக்கைப் பலகைகளின் சொற்களைச் சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டில் நாளுக்கு இரண்டாக எழுதிக்கொள்வது; விடுதி அறையில் ஆங்கிலம் தெரிந்த நண்பரோடு சமைக்கும் நேரத்தில் ஆங்கிலத்திலேயே பேசுவது; கடைசியாக, புரியாததை மேற்பார்வையாளரிடமே கேட்பது. நான்காவதை எழுதியவர் உடனே அதை மெல்லிய கோட்டால் அடித்தார். அது நல்ல அறிகுறி. அடுத்த படிக்கு அதுதான் வாசல்.

தடையைப் பெயர் சொல்லி எழுதுவது

வெற்றியைக் கண்ணை மூடிக் கற்பனை செய்தால் அது கைகூடும் என்று சொல்லும் பேச்சாளர்கள் நம் ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. காப்ரியேலே ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இந்தக் கூற்றைச் சோதித்துப் பார்த்தவர். 1991இல் தாமஸ் வாடனுடன் அவர் வெளியிட்ட ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்கள் ஓராண்டுக்காலம் கவனிக்கப்பட்டார்கள். என்னால் குறைக்க முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே குறைத்தார்கள். ஆனால் மெலிந்த உடலோடு வலம்வருவதாக இனிய கற்பனையில் மிதந்தவர்கள், அவ்வாறு மிதக்காதவர்களைவிடச் சராசரியாக 11 கிலோ அளவுக்குக் குறைவாகவே எடை இழந்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின: கற்பனையில் இலக்கை அடைந்துவிட்டால், உடம்பு அதை அடைந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு ஓய்வெடுக்கத் தொடங்குகிறது.

இதற்கு அவர் தரும் மாற்று, முதலில் ஆசையையும் அது நிறைவேறினால் கிடைக்கும் சிறந்த பலனையும் மனத்தில் கொண்டுவந்து, அடுத்த கணமே என்னிடம் உள்ள எந்தத் தடை குறுக்கே நிற்கிறது என்று கேட்பது. இந்த வரிசை முக்கியமானது. தடையை முதலில் நினைத்து ஆசையைப் பிறகு நினைத்தால் அதே பலன் கிட்டுவதில்லை. வினைசெயல்வகை அதிகாரத்தில் "முடிவும் இடையூறும் முற்றியாங்கு எய்தும் படுபயனும்" பார்த்துச் செய்யச் சொன்னவரும் இடையூற்றைப் பட்டியலில் சேர்க்கத் தவறவில்லை.

தடையை எழுதும்போது முதலில் வரும் பதிலை நம்பாதீர்கள். இளைஞர் முதலில் "நேரமில்லை" என்று எழுதினார். இங்கே யாருக்குத்தான் நேரம் இருக்கிறது? "வேறு?" என்றேன். "சோர்வு" என்று எழுதினார். அதுவும் உண்மைதான், விடுதிக்குத் திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். "வேறு?" என்று மூன்றாம் முறை கேட்டபோது, தே தாரிக் கோப்பையை நகர்த்தி, தாளைத் தன் பக்கம் இழுத்து, கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். எடுத்துப் பார்த்தபோது, "தப்பாப் பேசினா சிரிப்பாங்க" என்று இருந்தது. நான்காவது கோட்டை அவர் ஏன் அடித்தார் என்பது அப்போது விளங்கியது. முதல் இரண்டு தடைகளும் மற்றவர்களுக்குச் சொல்லக்கூடிய தடைகள். மூன்றாவதுதான் அவரை உண்மையில் நிறுத்திவைத்த தடை.

எப்போது, எங்கே, எதைச் செய்தவுடன்

தடையைக் கண்டபின் அதை ஒரு "நேர்ந்தால்" வாக்கியத்தில் பூட்ட வேண்டும்: இது நேர்ந்தால், இதைச் செய்வேன். ஓட்டிங்கனின் கணவரான பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த முறை இது. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலையை எப்படிக் கழித்தோம் என்று விடுமுறை நாளிலேயே அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். எங்கே, எப்போது எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினார்கள். 2006ஆம் ஆண்டு வரை நடந்த 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இந்த எளிய முறையின் பயன் உறுதிப்பட்டது.

நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பதைவிட, ஏற்கெனவே நாள்தோறும் நடக்கும் ஒரு செயலின் வாலில் கட்டுவது நல்லது. கூடுதல் நேர வேலை வந்தால் கடிகாரம் பொய்த்துப்போகும், குளிப்பது பொய்க்காது. இளைஞர் எழுதிய இரண்டு வாக்கியங்களை அப்படியே தருகிறேன். "இரவு குளித்துவிட்டுச் சட்டை மாற்றியதும், படுப்பதற்கு முன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அன்றைய இரண்டு சொற்களை எழுதிப் பார்ப்பேன்." "மீட்டிங்கில் ஒரு சொல் புரியாவிட்டால், கூட்டம் கலைந்தவுடன் மேற்பார்வையாளரிடம் போய் அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்பேன்." முழு வாக்கியத்தையும் கேட்கப் போனால்தான் சிரிப்பார்கள் என்ற அச்சம் எழும், ஒரு சொல்லைக் கேட்க யாரும் அஞ்சுவதில்லை.

தேதி குறிக்கும்போது மட்டும் தாராளமாக இருங்கள். 1994இல் உளவியலாளர் ரோஜர் ப்யூலரும் அவருடைய குழுவினரும் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி மதிப்பீடு 33.9 நாள், உண்மையில் ஆனது 55.5 நாள். தம் வேலையைத் தாமே மதிப்பிடும்போது எல்லோரும் இப்படித்தான் ஏமாறுகிறோம். முதலில் மனத்தில் தோன்றும் காலத்தை ஒன்றரை மடங்காக்கி எழுதுவது என் வழக்கம்.

முனைப்புக்குத் தீனி போடுவது

இதைப் பற்றித்தான் உலகில் நிறையப் பேசுகிறார்கள். எனவே நான் குறைத்துக்கொள்கிறேன். முனைப்பு, வழி இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை. வழி தெரிந்தாலே பாதித் தெம்பு வந்துவிடுகிறது என்பதால், முதல் நான்கு படிகளையும் ஒழுங்காகச் செய்தவருக்கு இங்கே செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

ஆனால் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1967இல் நடத்திய சோதனைகளிலிருந்து, தப்பிக்க முடியாத துன்பத்தில் நீண்டநேரம் இருக்கும் உயிர் செயலற்றுப்போகக் கற்றுக்கொள்கிறது என்று உலகம் நெடுங்காலம் பாடம் படித்தது. சுமார் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2016இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் தங்கள் கூற்றைத் திருப்பிப் போட்டார்கள்: செயலற்றுப்போவது யாரும் கற்றுக்கொள்வதல்ல, நீடித்த துன்பத்தில் உடல் இயல்பாகவே அப்படித்தான் ஆகிறது, கற்றுக்கொள்ள வேண்டியது, என் செயலால் ஏதோ ஒன்று மாறுகிறது என்பதைத்தான். புது நாட்டில் அறை, உணவு, வேலை நேரம் எதுவும் தன் கையில் இல்லாதவருக்கு, இரவில் எழுதும் இரண்டு சொற்கள் இதனால்தான் பெரிதாகின்றன. பழைய வெற்றி ஒன்றை, அது ஊரில் மிதிவண்டி ஓட்டக் கற்றதாகவே இருந்தாலும், எந்தத் தடையை எந்த வழியால் தாண்டினேன் என்ற விவரத்தோடு தாளின் பின்பக்கம் எழுதிவைப்பதும் உதவும். தூக்கம் குறைந்த வாரத்தில் முனைப்பை அளக்கவே வேண்டாம்.

விடவும் தெரிய வேண்டும்

ஓட்டுநர் உரிமம் என் கைக்கு வந்த காலத்தில், இங்கே கார் வாங்கக் கட்டாயமான வாகன உரிமைச் சான்றிதழின் விலை என் போன்றோருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இவ்வளவு பாடுபட்டபின் விடுவதா என்று ஓராண்டு சேமித்துப் பார்த்தேன். பிறகு ஒருநாள் என் தாளையே எடுத்து, கார் எதற்கு என்று கேட்டுக்கொண்டேன். முழங்கால் வலியுள்ள அம்மாவைப் பேருந்து ஏற வைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கு. அப்படியானால் கார் இலக்கே அல்ல, ஒரு கோடு. சேமித்த பணத்தில் மாதம் இருமுறை வாடகைக் காரில் செல்வது மற்றொரு கோடு. அதில் வாகனம் நிறுத்த இடம் தேடும் வேலையும் இல்லை.

கோட்டை விடுவது இப்படி எளிதாக முடியலாம். இலக்கையே விட நேர்வது வேறு விதம், வலி மிகுந்தது. கார்ஸ்டன் ராஷ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வுகள், எட்ட முடியாததாகிவிட்ட இலக்கை விட்டு, பொருளுள்ள வேறொன்றில் ஈடுபடத் தெரிந்தவர்களின் மனநலம் மேம்பட்டிருப்பதைக் காட்டின. விடுவதோடு நின்றுவிடாமல் அடுத்ததைப் பற்றிக்கொள்வதும் இதில் அடக்கம். விடும் முடிவைக் களைத்த இரவில் எடுக்காமல், எல்லாக் கோடுகளையும் ஒருமுறையாவது நடந்து பார்த்தபின், பகலில், இன்னொருவர் உடனிருக்க எடுங்கள் என்பதே நான் சொல்லும் விதி.

இந்தத் தாள் எட்டாத இடங்கள்

சம்பளம் மூன்று மாதமாக வராத ஊழியரிடம் இலக்கு, வழி, முனைப்பு என்று பாடம் நடத்துவது கொடுமை. அவருக்குத் தேவை நம்பிக்கைப் பயிற்சி அல்ல; அது மனிதவள அமைச்சின் கதவைத் தட்ட வேண்டிய விவகாரம், சம்பளப் பூசல்களைத் தீர்ப்பதற்கான முத்தரப்பு அமைப்பும் இங்கே உண்டு. தடை மனத்தில் இருக்கிறதா, சுவராகவே எதிரில் நிற்கிறதா என்று பிரித்துப் பார்க்காத எந்தப் பயிற்சியும், பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கிவிடும்.

இரண்டாவது, தாளை எடுக்கவே கை வராத நிலை. எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, நாளைய நாளை நினைத்துப் பார்க்கவே முடியாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இருந்தால், பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ பேச வேண்டும். உயிரை விடும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். 1767 என்ற எண்ணில் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 24 மணி நேரமும் அழைக்கலாம். நண்பருக்காகவும் நீங்கள் அழைக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை

தாளை எழுதி மடித்து வைத்துவிட்டால் அது பழைய ரசீது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே பேனா இல்லாவிட்டாலும் அதே தாளில், மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதுங்கள்: எந்தக் கோட்டில் நடந்தேன்? எது அடைபட்டது? அதற்குப் பதிலாக எந்தக் கோடு? தவறியதற்கு விளக்கம் எழுத வேண்டாம், இடம் வீணாகும். அடைபட்ட கோட்டை அழிக்காமல் அடித்துவிடுங்கள். எத்தனை வழிகளை முயன்றிருக்கிறீர்கள் என்பதற்கு அந்த அடித்த கோடுகளே சான்று. பிறகு ஒருநாள் அவற்றில் ஒன்று மறுபடியும் திறந்துகொள்ளவும் கூடும்.

குழாய் வேலை இளைஞர் அண்மையில் தாளை எடுத்து வந்தபோது அது நான்காக மடித்த இடங்களில் கிழியத் தொடங்கியிருந்தது. ஞாயிறு வேலை வந்துவிட்டதால் வகுப்பு என்ற முதல் கோடு அடிபட்டிருந்தது. சமையல் நேரப் பேச்சு, நண்பர் வேறு விடுதிக்கு மாறியதும் நின்றுபோயிருந்தது. அதன் பக்கத்தில் நீல மையில் "போனில் பேசலாம், வியாழன்" என்று புதிதாக ஒரு கோடு. மெல்லிதாக அடித்திருந்த நான்காவது கோட்டை மறுபடியும் அழுத்தி வரைந்து, அதன் மேல் ஐந்து ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார். மேற்பார்வையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. நடுவில் இருந்த கட்டத்தில் நவம்பர் என்பதை அடித்து ஜனவரி என்று மாற்றியிருந்தார். யாரும் சொல்லாமலே செய்திருந்தார்.